பாறையேறுபவரின் கைக்கு எந்த மசாஜ் கன்? கேள்வி பதில்

பாறையேற்றத்துக்குப் பின் வரும் தசைவலிக்காக, தசையை வேகமாகத் தட்டி அதிரவைக்கும் கைக்கருவியான மசாஜ் கன் வாங்குவது பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இயன்முறை மருத்துவன் என்ற முறையிலும் பாறையேறுபவன் என்ற முறையிலும் இங்கே பதிலளிக்கிறேன். ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்திருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. வாரத்துக்கு மூன்று நாள் செயற்கைச் சுவரில் ஏறுகிறேன். மறுநாள் முன்னங்கையும் விலாப்புற முதுகுத் தசையும் பிடித்துக்கொள்கின்றன. கடையில் பெரிய கருவி ஒன்றையும் கைக்கு அடக்கமான ஒன்றையும் காட்டி, விளையாட்டு வீரர்கள் பெரியதைத்தான் வாங்குவார்கள் என்றார்கள். எதை வாங்கலாம்?

பதில்: சிறியதை வாங்குங்கள். ஆனால் சிறிய கருவிகள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல என்பதால், எதைப் பார்த்து வாங்குவது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இந்தக் கருவியைப் பற்றி மூன்று எண்கள் தெரிந்தால் போதும். தசையைத் தட்டும் கருவியின் தலை முன்னும் பின்னும் சென்றுவரும் தூரம் முதலாவது. இதை வீச்சு என்போம். நிமிடத்துக்கு எத்தனை முறை அடிக்கிறது என்பது இரண்டாவது. எவ்வளவு அழுத்தினால் மோட்டார் திணறி நின்றுவிடும் என்பது மூன்றாவது. தெராபாடி நிறுவனத்தின் தெராகன் புரோ வகையில் வீச்சு 16 மில்லிமீட்டர், மோட்டார் நிற்பதற்கான அழுத்தம் ஏறத்தாழ 27 கிலோ. அதே நிறுவனத்தின் மினியில் இவை 12 மில்லிமீட்டரும் 9 கிலோவும் ஆகும். தொடை, பிட்டம் போன்ற தடித்த தசைகளுக்குள் அதிர்வு இறங்க வேண்டிய ஓட்டக்காரருக்கும் கால்பந்து வீரருக்கும் பெரிய எண்கள் பயன்படும். நமக்கு வலிப்பதோ முன்னங்கை. விரல்களை மடக்கும் தசைகள் அங்கே இரண்டு எலும்புகளின் மேல் மெல்லிய அடுக்குகளாகப் படிந்திருக்கின்றன. அவற்றின் ஊடாகவே கைக்கு வரும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. 16 மில்லிமீட்டர் வீச்சுள்ள தலையை அங்கே வைத்தால் தசையைத் தாண்டி எலும்பில் போய் இடிக்கும். 10 முதல் 12 மில்லிமீட்டர் வீச்சு முன்னங்கைக்கும் விலாப்புற முதுகுக்கும் போதும். 9 கிலோ அழுத்தத்தை முன்னங்கையில் யாரும் கொடுக்கப்போவதில்லை.

கடைக்காரர்கள் சொல்லாத இன்னொன்று எடை. வலிக்கும் வலது முன்னங்கையைத் தளர்த்த நீங்கள் கருவியை இடது கையில் பிடிக்க வேண்டும். அந்தக் கையும் அதே பாறையில் ஏறிக் களைத்த கைதான். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள, அதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு பொருளைப் பத்து நிமிடம் இறுகப் பிடித்திருப்பது, ஓய்வு கொடுக்க வேண்டிய தசைகளுக்கே மீண்டும் வேலை வைப்பதாகும். அரைக் கிலோவை ஒட்டிய எடையில் தேடுங்கள். கருவியின் உச்ச வேகத்தைவிட அதன் மிகக் குறைந்த வேகம் முக்கியம் என்பதையும் கவனியுங்கள். நிமிடத்துக்கு 1,800 அடிகளுக்கும் கீழே இறங்கக்கூடிய கருவி முன்னங்கைக்கு உகந்தது.

சிறிய கருவியின் குறை, தோள்பட்டை எலும்பின் பின்புறத்துக்கு நம் கையாலேயே அதைக் கொண்டுபோக முடியாது என்பது. அந்த இடத்துக்கு ஒரு டென்னிஸ் பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் இடையில் வைத்து உருட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இணையக் கடையில் 1,800 ரூபாய்க்கு ஒன்று பார்த்தேன். 30 வேகங்கள், 10 தலைகள், 3,300 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 3,300 அடி) என்று போட்டிருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியதில் வீச்சு எவ்வளவு என்பது இல்லை. விற்பனைப் பக்கத்திலும் அது இல்லையென்றால், வீச்சு குறைவாக இருக்கும் என்றே நான் எடுத்துக்கொள்வேன். ஐந்தாறு மில்லிமீட்டர் மட்டும் அசையும் தலை எவ்வளவு வேகமாக ஓடினாலும் தோலைத்தான் அதிரவைக்கும்.

வாங்கிய கருவியைத் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். தலைக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, கைப்பேசியில் நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவியக்கக் காணொளியாகப் பதியுங்கள். நிமிடத்துக்கு 2,400 அடி என்பது நொடிக்கு 40 அடி. ஆகவே ஓர் அடிக்கு ஆறு படங்கள் கிடைக்கும். தலை முழுதாக வெளியே வந்த படத்தையும் முழுதாக உள்ளே போன படத்தையும் ஒப்பிட்டால் வீச்சு ஏறத்தாழத் தெரிந்துவிடும். அதன்பின் தொடையில் வைத்து ஓரளவு அழுத்துங்கள்; உடனே ஓசை மாறி மோட்டார் திணறினால் அந்தக் கருவி வேண்டாம்.

பத்துத் தலைகளில் உங்களுக்குப் பயன்படப்போவது மென்மையான உருண்டையும் தட்டையான தலையும்தான். தோட்டா வடிவிலான கூர்மையான தலையை முன்னங்கையில் வைக்கவே வைக்காதீர்கள். முதுகெலும்பின் இருபுறமும் ஓட்டலாம் என்று விளம்பரம் செய்யப்படும் கவட்டை வடிவத் தலையையும் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: இரண்டு ரூட்டுகளுக்கு (ஏறும் பாதைகளுக்கு) இடையில் கை பம்ப் ஆகி, அதாவது முன்னங்கை விறைத்துக் கனத்துப்போய், பாட்டில் மூடியைக்கூடத் திறக்க முடியாமல் போகிறது. மசாஜ் கன் வைத்தால் லாக்டிக் அமிலம் வெளியேறிவிடும் என்கிறார்களே?

பதில்: அது விளம்பரப் பேச்சு. சிறிய பிடியில் தொங்கும்போது முன்னங்கைத் தசை நீண்ட நேரம் அசையாமல் சுருங்கியே இருக்கிறது. தசைக்குள் அழுத்தம் ஏறி, உள்ளே வரும் இரத்தம் தடைபடுகிறது. பிடியை விட்டதும் இரத்தம் திரும்பவும் பாய்கிறது. தேங்கிய லாக்டேட்டை (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) உடல் ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே பயன்படுத்தித் தீர்த்துவிடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரும் வலிக்கும் லாக்டேட்டுக்கும் தொடர்பில்லை. பழக்கமில்லாத கடும் வேலையால், குறிப்பாகத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போது, நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியுமே அந்த வலிக்குக் காரணம். அதனால்தான் அது உடனே வராமல் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைகிறது.

பம்ப் ஆன கைக்கு, கையைத் தொங்கவிட்டு உதறுவதும், பிறகு மார்புக்கு மேலே உயர்த்தி உதறுவதும், மெதுவாக நடப்பதும், மிக எளிதான ரூட் ஒன்றில் ஏறுவதும் நல்லவை. கருவியின் வேலை மாலையில்தான் தொடங்குகிறது. அதிர்வு அந்த இடத்தின் வலியுணர்வைச் சற்று மட்டுப்படுத்தி, இறுக்கத்தைத் தற்காலிகமாகத் தளர்த்துகிறது. சேதமான நார்களை அது சரிசெய்வதில்லை; அதைத் தூக்கமும் உணவும் ஓய்வு நாளும்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: முழங்கையின் உட்புறத்தில், அந்த எலும்பு முனையைத் தொட்டாலே வலி. இரண்டு மாதமாகிறது. தினமும் அங்கே மசாஜ் கன் வைக்கிறேன். வைத்த பிறகு சிறிது நேரம் நன்றாக இருக்கிறது, மறுநாள் பழையபடியே ஆகிவிடுகிறது. கருவியை மாற்ற வேண்டுமா?

பதில்: கருவியை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். விரல்களையும் மணிக்கட்டையும் மடக்கும் தசைகள் பொதுவான தசைநாண் ஒன்றின் மூலம் அந்த எலும்பு முனையில்தான் ஒட்டியிருக்கின்றன. பாறையேறுபவர்களுக்கு அங்கே வரும் நாட்பட்ட வலியைக் கோல்ஃபர்ஸ் எல்போ என்பார்கள். கோல்ஃப் மட்டையைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்களுக்கும் அதே பெயர்தான். இது தசை இறுக்கத்தால் வருவது அன்று. தாங்கும் அளவுக்கு மேல் தொடர்ந்து பாரம் ஏற்றப்பட்ட தசைநாணின் சிக்கல். நீங்கள் சொன்ன அந்தச் சிறிது நேர ஆறுதல், வலியுணர்வு மங்குவதால் வருவது. அதை நம்பி அன்று மாலையே மீண்டும் சுவரில் ஏறினால் தசைநாணுக்குப் பாரம்தான் கூடும்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த எலும்பு முனைக்குச் சற்றுப் பின்னால் உள்ள பள்ளத்தில் அல்நார் நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்குமே, அந்த நரம்புதான் அது. அதன்மேல் நொடிக்கு முப்பது நாற்பது முறை அடிப்பதில் ஒரு நன்மையும் இல்லை. உங்களுக்கு ஏற்கெனவே சுண்டுவிரலிலும் மோதிரவிரலின் பாதியிலும் மரமரப்பு இருந்தால், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை: ஏறும் அளவைக் குறையுங்கள், சிறு பிடிகளைச் சில வாரங்களுக்குத் தவிருங்கள், சிறிய டம்பெல் ஒன்றைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியை ஓர் இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் கூட்டுங்கள். தசைநாண் தேற மாதக்கணக்கில் ஆகும். கருவியைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், எலும்பு முனையிலிருந்து நான்கு விரற்கிடையாவது கீழே, தசையின் சதைப்பற்றுள்ள நடுப்பகுதியில் குறைந்த வேகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மோதிரவிரலின் அடிப்பகுதியில் வலி. ஏறும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. விரலில் எந்தத் தலையை வைப்பது?

பதில்: எதையும் வைக்காதீர்கள். விரலுக்குள் மசாஜ் செய்வதற்குத் தசையே இல்லை. முன்னங்கைத் தசைகளின் தசைநாண்களும், அவற்றை எலும்போடு சேர்த்துப் பிடிக்கும் வளையங்களுமே உள்ளன. சத்தமும் அதைத் தொடர்ந்து வலியும் என்றால் விரலின் அடிப்பகுதியில் உள்ள ஏ2 என்னும் வளையம் கிழிந்திருக்க வாய்ப்புண்டு. ஏறுவதை நிறுத்திவிட்டு, கை சிகிச்சையில் பழக்கமுள்ள மருத்துவரிடம் அல்ட்ராசவுண்டு பரிசோதனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: போட்டிக்கு முன் வார்ம்-அப்புக்காகப் பயன்படுத்தலாமா? பலம் குறைந்துவிடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

பதில்: அளவோடு என்றால் பயப்பட வேண்டாம். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், கெண்டைக்கால் தசையில் ஐந்து நிமிடம் மசாஜ் கன் வைத்தபின் கணுக்கால் மடங்கும் அளவு சராசரியாக 5 பாகைக்குச் சற்று மேல் கூடியது. தசையின் உச்ச பலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அது கெண்டைக்காலில் செய்த ஆய்வு. ஆனாலும் முன்னங்கைக்கு அரை நிமிடம், விலாப்புறத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை. அதை வார்ம்-அப் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். எளிதான ரூட்டுகளில் தொடங்கி மெல்லக் கடினத்தைக் கூட்டுவதுதான் விரல்களைத் தயார் செய்யும்.

கேள்வி: பிலே கொடுத்துக் கொடுத்து (மேலே ஏறுபவரைப் பார்த்தபடி கீழிருந்து கயிற்றைப் பிடித்துப் பிடித்து) கழுத்து வலிக்கிறது. கழுத்தில் வைக்கலாமா?

பதில்: கழுத்தின் முன்புறத்திலும் பக்கவாட்டிலும் கூடவே கூடாது, மூளைக்குச் செல்லும் தமனிகள் அங்கே ஓடுகின்றன. மசாஜ் கன்னைக் கழுத்தில் பயன்படுத்திய ஒருவருக்கு முதுகெலும்புத் தமனியின் உட்சுவர் கிழிந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கையால் கிள்ளிப் பிடிக்கக்கூடிய சதையில் மட்டும் மென்மையாக வைக்கலாம். நேராகப் பார்த்தபடியே மேலே ஏறுபவரைக் காட்டும், பட்டகம் (பிரிசம்) பொருத்திய பிலே கண்ணாடி ஒன்றை வாங்கினால் இந்த வலியின் காரணமே குறையும். உங்கள் நிலையில் நான் பணத்தை அதற்குத்தான் செலவழிப்பேன்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பயிற்சி முடிந்ததும் விரல் மூட்டு வலி என்கிறாள். அவளுக்கும் இதே கருவியைப் பயன்படுத்தலாமா?

பதில்: அம்மா, இதில் மசாஜ் கன் பற்றிய பேச்சே வேண்டாம். வளரும் வயதில் விரல் எலும்பின் வளர்ச்சித் தட்டு அதன் வலுக்குறைந்த பகுதியாக இருக்கிறது. கடுமையாகப் பயிற்சி செய்யும் பதின்வயதினருக்கு, நடுமூட்டை ஒட்டிய அந்தத் தட்டில் மெல்ல முறிவு ஏற்படுவது பாறையேற்றத்தில் நன்கு அறியப்பட்ட காயம். பெரும்பாலும் ஒரு நாளில் நடந்த விபத்தாக இராது; வலி சிறுகச் சிறுகக் கூடும். பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். பயிற்றுநரிடமும் தெரிவியுங்கள்.

கேள்வி: வயது 54. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: உங்கள் மருத்துவர் சரி என்று சொல்லாமல் வேண்டாம். தசைக்குள் இரத்தம் கசியக்கூடும். நரம்பு உணர்வு குறைந்த சர்க்கரை நோயாளிகளுக்கும், காலில் இரத்த நாளம் சுருண்டு புடைத்தவர்களுக்கும் (வெரிகோஸ் வெயின்), இரத்தக்கட்டு வந்தவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: ஓர் இடத்தில் எவ்வளவு நேரம் வைப்பது? நான் வலி போகும்வரை வைக்கிறேன்.

பதில்: வலி போகும்வரை என்பது ஆபத்தான அளவுகோல். முன்னங்கைக்கு ஒரு நிமிடம், முதுகு போன்ற பெரிய தசைக்கு இரண்டு நிமிடம் என வைத்துக்கொண்டு, தலையை ஓரிடத்தில் நிறுத்தாமல் மெதுவாக நகர்த்துங்கள். அழுத்த வேண்டாம், கருவியின் எடையே போதும். சீனாவில் இரத்தசோகை இருந்த இளம்பெண் ஒருவருக்கு, தொடையில் மசாஜ் கன் பயன்படுத்தியபின் தசை நார்கள் சிதைந்து, சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. பயன்படுத்தியபின் தசை வீங்கி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: டிசம்பரில் விமானத்தில் ஹுப்பள்ளி வரை சென்று, அங்கிருந்து பாதாமிக்கும் பிறகு ஹம்பிக்கும் போகிறோம். கருவியை விமானத்தில் கொண்டுபோக முடியுமா?

பதில்: முடியும். பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி தனியாகக் கழலும் வகையென்றால், கழற்றிய பேட்டரியைச் சரக்குப் பெட்டியில் வைக்கவே கூடாது. கைப்பையில் 100 வாட்-மணி வரையுள்ள லித்தியம் பேட்டரிக்குத் தனி அனுமதி தேவையில்லை. பேட்டரியில் வோல்ட்டும் மில்லி ஆம்பியர்-மணியும் மட்டும் அச்சிட்டிருந்தால் நீங்களே கணக்கிடலாம்: 7.4 வோல்ட், 2,500 மில்லி ஆம்பியர்-மணி (அதாவது 2.5 ஆம்பியர்-மணி) என்றால் 7.4-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 18.5 வாட்-மணி. பெரிய கருவிகள்கூட இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். எண்கள் அழிந்துபோன பேட்டரியைத்தான் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்துவார்கள்.

பயணத்துக்கென்றே வாங்குவதானால் யூ.எஸ்.பி. சி வழியாக மின்னேற்றும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். தனிச் சார்ஜர் தொலைந்தால் அங்கே கிடைக்காது, இதையோ கைப்பேசியின் சார்ஜரில் செருகிக்கொள்ளலாம். பாதாமியின் மணற்கல்லில் நீண்ட ரூட்டுகள் முன்னங்கையைப் பிழிந்துவிடும் என்பதால் கருவிக்கு மாலையில் வேலை இருக்கும். ஹம்பியின் கருங்கல் அப்படியன்று. அங்கே தசைக்கு முன்னால் விரல்நுனித் தோல் தேய்ந்துவிடும். அதற்கு ஒட்டும் டேப்பையும் நகம் தேய்க்கும் அரத்தையும் மறக்காமல் எடுத்துப்போங்கள்.