பலவீனத்தைச் சொல்வது (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் மூன்று வருடமாக லைன் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். போன மாதம் வேறொரு நிறுவனத்துக்கு இன்டர்வியூ போனேன். டெக்னிக்கல் கேள்விகள் நன்றாகவே போயின. கடைசியில் எச்.ஆர். மேடம், "உங்க வீக்னஸ் என்ன?" என்று கேட்டார். கல்லூரியில் பிளேஸ்மென்ட் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, "நான் ஒரு பெர்ஃபெக்ஷனிஸ்ட்" என்றேன். "ஒரு உதாரணம் சொல்லுங்க" என்றார். வாய் அடைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். வேலை கிடைக்கவில்லை.

உண்மையில் என் பலவீனம் எனக்குத் தெரியும். புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன், தலையாட்டிவிடுவேன். போன வருடம் ஒரு ட்ராயிங் மாறி வந்தது. சூப்பர்வைசர் அவசரமாக விளக்கினார், நானும் "சரி சார்" என்றேன். துளையின் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு) இறுக்கப்பட்டிருந்தது எனக்கு ஏறவே இல்லை. துளை அளவைச் சோதிக்கும் பழைய பிளக் கேஜை வைத்தே பார்த்து 240 பீஸுக்கு ஓகே போட்டேன். ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் பிடித்தார்கள். அத்தனையும் ஸ்கிராப். இதை எப்படி ஐயா ஒரு இன்டர்வியூவில் சொல்வது? எண்ணிக்கையையும் சொல்லலாமா? "இங்கிலீஷ் வீக்னு சொல்லிடு, அதுதான் சேஃப்" என்கிறான் நண்பன். பொய் சொல்லி வேலை வாங்கவும் மனம் வரவில்லை. அடுத்த வாரம் இன்னொரு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

க., ஓசூர்

அன்புள்ள தம்பி,

நீங்கள் எழுதியிருக்கும் இரண்டாவது பத்தியைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். "உதாரணம் சொல்லுங்க" என்று அந்த அம்மா கேட்டது இந்த மாதிரி ஒன்றைத்தான். ட்ராயிங், கேஜ், தலையாட்டல், 240 பீஸ் எல்லாம் அதில் இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நம் வீடுகளில் குறை என்பது மூடி வைக்கிற விஷயம். சம்பந்தம் பேச வருகிறவர்கள் முன்னால் பையனின் தோல் வியாதியை மறைப்பார்கள், பெண்ணின் கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உட்கார்ந்த அதே நெஞ்சோடுதான் நம் பிள்ளைகள் இன்டர்வியூ அறையிலும் போய் உட்காருகிறார்கள். வீக்னஸ் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே எதை மறைக்கலாம் என்று மனம் ஓடுகிறது. பிளேஸ்மென்ட் வகுப்புகளும் மறைக்கத்தான் கற்றுத்தருகின்றன. பெர்ஃபெக்ஷனிஸ்ட், ரொம்ப உழைப்பேன், யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாது. குறை மாதிரி உடுத்தி வந்த பெருமைகள் இவை.

இந்த வித்தை பலிப்பதில்லை என்று ஆய்வே செய்து பார்த்திருக்கிறார்கள். ஓவுல் செசர், மைக்கேல் நார்ட்டன் உள்ளிட்டவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு அது. வேலை நேர்காணலில் உங்கள் பெரிய பலவீனம் எது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று மாணவர்களை எழுதச் சொன்னார்கள். பெரும்பாலோர் நீங்கள் சொன்ன வகைப் பதிலைத்தான் எழுதினார்கள். அவற்றைப் படித்துப் பார்த்தவர்கள், உண்மையான குறையை எழுதிய சிலரைத்தான் வேலைக்கு எடுப்போம் என்ற பக்கம் சாய்ந்தார்கள். ஆகவே அந்த அம்மா சிரித்திருந்தாலோ, அடுத்த கேள்விக்குத் தாவியிருந்தாலோ உங்கள் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கே பத்துப் பேரிடம் அதே வார்த்தையைக் கேட்டிருப்பார்.

நான் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருபது வருடத்துக்கு மேல் கணக்குப் பிரிவில் இருந்தவன். ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்கிற பக்கத்தில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெண் இன்றும் நினைவில் நிற்கிறாள். பி.காம். முடித்து ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். இதே கேள்வியைக் கேட்டோம். கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "சார், எனக்கு நம்பர் இடம் மாறிடும். அவசரத்துல 5,280ன்னு இருக்கிறதை 5,820ன்னு எழுதிடுவேன். ஸ்கூல்ல இருந்தே அப்படித்தான்."

கணக்கு வேலைக்கு வந்தவள் சொல்கிற பதிலா இது! என் பக்கத்தில் இருந்தவர் பேனாவை மூடியே வைத்துவிட்டார். அவள் நிறுத்தவில்லை. "அதனால ட்ரயல் பேலன்ஸ் இடிச்சா முதல்ல வித்தியாசத்தை 9ஆல வகுத்துப் பார்ப்பேன். மீதியில்லாம வகுபட்டா என் கையாலதான் மாறியிருக்கும்னு தேட ஆரம்பிப்பேன். போன்ல யாராவது தொகை சொன்னா திருப்பிப் படிச்சுக் காட்டாம வைக்க மாட்டேன்."

ட்ரயல் பேலன்ஸ் என்பது பற்றும் வரவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற பட்டியல், ஒத்துப்போகாவிட்டால் இடிக்கிறது என்போம். கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9ஆல் சரியாக வகுபடும். 5,820இல் 5,280 போனால் 540, ஒன்பதறுபது. ஆனால் அதைப் பாடமாகத் தெரிந்து வைத்திருப்பதும், தன் கை செய்கிற தப்புக்கு எதிராக அதைக் காவல் வைத்திருப்பதும் ஒன்றா? அவளை எடுத்தோம். அவள் போட்ட ட்ரயல் பேலன்ஸ் இடித்த மாதங்களும் இருந்தன. தேடிக் கண்டுபிடிக்க மற்றவர்களுக்கு ஒரு நாள் ஆகும் இடத்தில் அவளுக்கு ஒரு மணி நேரம் போதும்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு உடனே எல்லாக் குறையையும் கொட்டிவிடலாம் என்று நினைத்துவிட வேண்டாம். அவளுக்கு முதல் நாளே ஒரு எழுத்துத் தேர்வு வைத்திருந்தோம். வங்கிக் கணக்கைச் சரிக்கட்டும் அந்தத் தாளில் ஒரு பிழை இல்லை. அந்தத் தாள் எங்கள் முன்னால் இருந்தபோதுதான் அவள் அதைச் சொன்னாள். உளவியலாளர் எலியட் அரான்சனும் இன்னும் இருவரும் மின்னசோட்டா பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்த ஒரு சோதனையை 1966இல் வெளியிட்டார்கள். வினாடி வினாப் போட்டிக்கு ஆள் எடுப்பது போன்ற ஒலிநாடாவை மாணவர்களைக் கேட்க வைத்தார்கள். ஒருவன் 92 சதவீதக் கேள்விகளுக்குச் சரியாகச் சொல்பவன், இன்னொருவன் 30 சதவீதம்தான். நன்றாகப் பதில் சொன்னவன் கடைசியில் காப்பியைத் தன் மேல் கொட்டிக்கொண்டபோது கேட்டவர்களுக்கு அவனை இன்னும் பிடித்துப்போனது. சுமாராகச் சொன்னவன் அதே காப்பியைக் கொட்டியபோது இருந்த மதிப்பும் குறைந்தது. உங்களுக்கு டெக்னிக்கல் கேள்விகள் நன்றாகப் போயின என்கிறீர்களே, அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வி வந்தது என்கிறீர்களே, நிலம் ஏற்கெனவே உழுது கிடந்தது தம்பி. அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

இங்கிலீஷ் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வதைக் கேட்க வேண்டாம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த எத்தனையோ பிள்ளைகள், என் பலவீனம் இங்கிலீஷ் என்று தலைகுனிந்து சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கனத்துப்போகும். கற்கக் கிடைக்காத ஒன்று உங்கள் குணக்கேடு ஆகாது. அந்த வேலைக்கு இங்கிலீஷ் வேண்டும் என்றால், இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வரியில் நிமிர்ந்து சொல்லிவிட்டு மேலே போகலாம். உள்ளதைச் சொல்ல வார்த்தை தட்டினால், "மேடம், இதை மட்டும் தமிழில் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். கேட்பதில் ஒரு தப்பும் இல்லை.

அதே போல உடம்பு, கடன், வீட்டுச் சண்டை, அப்பாவின் குடி இதெல்லாம் அங்கே சொல்ல வேண்டியவை இல்லை. அவர்கள் கேட்டது நீங்கள் வேலை செய்கிற விதத்தை. பத்து உண்மையில் வேலைக்குப் பொருந்துகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்வது பொய் சொல்வதாகாது. மனசு உறுத்த வேண்டியதே இல்லை.

இனி உங்கள் கதைக்கு வருவோம். 240 பீஸுக்கு அப்புறம் என்ன மாற்றினீர்கள்? கடிதத்தில் அது இல்லை. ஒன்றும் மாற்றவில்லை என்றால் அங்கே போய் மாற்றிவிட்டதாகச் சொல்லாதீர்கள். அடுத்த கேள்வியிலேயே பிடிபடும், பெர்ஃபெக்ஷனிஸ்ட் கதிதான். அடுத்த வாரம்தானே இன்டர்வியூ? நாளை ஷிஃப்டிலேயே தொடங்கிவிடுங்கள். ட்ராயிங் கையில் வந்ததும் அதன் ரிவிஷன் எழுத்து (எந்தத் திருத்தம் என்று காட்டுவது) என்ன, எந்த அளவு மாறியிருக்கிறது, எந்த கேஜ் எடுக்க வேண்டும் என்று நீங்கள் புரிந்துகொண்டதை இரண்டு வரி ஒரு பாக்கெட் நோட்டில் எழுதுங்கள். சூப்பர்வைசரிடம் அதைப் படித்துக் காட்டுங்கள். "புரியலை சார்" என்று சொல்லக் கூசுகிற உங்களுக்கு, "நான் புரிஞ்சுகிட்டது சரியான்னு பாருங்க சார்" என்று சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருக்காது. தப்பாக எழுதியிருந்தால் அவரே திருத்திவிடுவார், முதல் பீஸ் வெட்டுவதற்கு முன்னாலேயே. ஒரு வாரத்தில் நோட்டில் நாலு ட்ராயிங்காவது ஏறியிருக்கும். "இப்போதுதான் ஒரு வாரமாக இப்படிச் செய்கிறேன்" என்றே சொல்லுங்கள். ஒரு வாரத்தை ஒரு வருடம் ஆக்க வேண்டாம்.

எண்ணிக்கையைச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லுங்கள். பட்டறையில் நின்ற யாருக்கும் 240 பீஸ் ஸ்கிராப் என்றால் என்னவென்று தெரியும். நிறைய என்று சொல்வதைவிட அது அவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். வெளியே போகுமுன் ஃபைனலில் பிடித்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது எந்த பாகம், யாருக்குப் போவது என்பது மட்டும் வேண்டாம். அந்த விவரம் இப்போதைய கம்பெனிக்குச் சொந்தமானது. சூப்பர்வைசர் அவசரமாகச் சொன்னார் என்பதையும் விட்டுவிடுங்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தலையாட்டியது நீங்கள்.

முடிந்தால் நோட்டையும் சட்டைப் பையிலேயே கொண்டு போங்கள். உதாரணம் கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

அன்புடன்