தொலைந்துபோன சைபர்

கேள்வி: நாலாவது படிக்கும் என் மகள் 618-ஐ 6-ஆல் வகுத்தால் 13 என்று எழுதுகிறாள். வாய்ப்பாடு தலைகீழாகச் சொல்வாள். கவனக்குறைவா, இல்லை எனக்குத்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லையா?
- ஒரு அம்மா, திண்டுக்கல்

பதில்: இரண்டும் இல்லை. '6-இல் 6 ஒரு தடவை போகும், 1-ஐ இறக்கு, போகாது, 8-ஐயும் இறக்கு, ஆறு மூணு பதினெட்டு' என்று நாம் எல்லாரும் ஓதித்தானே படித்தோம்? அதில் 'போகாது' என்று சொல்லும் இடத்தில் ஈவில் ஒரு சைபர் போட வேண்டும். போகவில்லை என்றால் எழுத என்ன இருக்கிறது என்று பிள்ளை நினைக்கிறது. அதன் நியாயம் அது.

நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுப் பணத்தை எடுங்கள். ஆறு நூறு ரூபாய், ஒரு பத்து ரூபாய், எட்டு ஒரு ரூபாய். (துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டால் போதும், மாதக் கடைசியில் நிஜ நோட்டு கேட்க மாட்டேன்.) ஆறு கிண்ணம் வையுங்கள். ஆளுக்கு ஒரு நூறு போட்டாயிற்று. அடுத்து பத்து ரூபாய் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, ஆறு பேருக்கு எப்படிக் கொடுப்பது? யாருக்கும் கிடையாது. அந்த 'யாருக்கும் கிடையாது'தான் சைபர். சரி, பத்தைச் சில்லறை மாற்றினால் பத்து ஒரு ரூபாய், ஏற்கெனவே உள்ள எட்டோடு பதினெட்டு, ஆளுக்கு மூன்று. இப்போது ஒரு கிண்ணத்தை அவளையே எண்ணச் சொல்லுங்கள்: நூறு ஒன்று, பத்து இல்லை, ஒன்று மூன்று. 103. ஈவு என்ற சொல்லே 'ஈ', அதாவது கொடு என்பதிலிருந்து வந்ததுதான், ஆளுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்கு.

அப்புறம் 620 கொடுத்துப் பாருங்கள். ஆளுக்கு அதே 103 போய், உங்கள் கையில் 2 ரூபாய் நிற்கும். அது மீதி. ஈவை 6-ஆல் பெருக்கி மீதியைக் கூட்டினால் பழைய தொகை வர வேண்டும், 13-ஐ 6-ஆல் பெருக்கினால் 78-க்கு மேல் நகராது என்று அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

கேள்வி: வகுத்தால் குறையத்தானே வேண்டும்? 6-ஐ அரையால் வகுத்தால் 12 என்கிறார்களே, எப்படி?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: பங்கு போடுவது என்று மட்டும் நினைப்பதால் வரும் குழப்பம். அரை ஆளுக்குப் பங்கு எப்படிப் போடுவது! வகுத்தலுக்கு 'எத்தனை தடவை எடுக்கலாம்' என்றும் பொருள் உண்டு. 6 லிட்டர் பாலை அரை லிட்டர் பாக்கெட்டில் அடைத்தால் எத்தனை பாக்கெட்? 12. கால் லிட்டர் என்றால் 24. பாக்கெட் சின்னதாகச் சின்னதாக எண்ணிக்கை ஏறும். சைபர் லிட்டர் பாக்கெட் என்றால்? நாள் முழுக்க அடைத்தாலும் பாத்திரத்தில் பால் அப்படியே இருக்கும், கணக்கு முடியாது. செல்போன் கால்குலேட்டரில் 6-ஐ சைபரால் வகுத்துப் பாருங்கள், அதுவும் கையை விரித்துவிடும்.