பெரிய எண்களில் எது பெரியது? டீச்சரிடம் கேட்டவையும் பதில்களும்

தொடக்கப் பள்ளிக் கணக்கில் எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நின்றன: ஐந்து, ஆறு இலக்க எண்கள் இரண்டைக் கொடுத்தால் எது பெரியது என்று பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அதனால் இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பின்னமும் வாய்ப்பாடும் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் 98,765, 1,02,345 இரண்டில் 98,765 தான் பெரியது என்கிறாள். "9 பெரிசு, 1 சின்னது" என்று காரணமும் சொல்கிறாள். எப்படிப் புரியவைப்பது? (ஓர் அம்மா, திருப்பூர்)

காரணம் சொல்கிறாள் பாருங்கள், அதைக் கெடுத்துவிடாதீர்கள். இடப்பக்கத்து இலக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான் விட்டுவிட்டாள்.

"தப்பு" என்று சொல்வதற்கு முன் இரண்டு எண்ணையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். "தொண்ணூற்றெட்டாயிரத்து எழுநூற்று அறுபத்தைந்து", "ஒரு லட்சத்து இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து." ஒன்றில் லட்சம் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை. பாதிப் பிள்ளைகள் படித்து முடிப்பதற்குள்ளேயே திருத்திக்கொள்வார்கள்.

அப்புறம் கட்டம் போட்ட நோட்டை எடுங்கள். மேலே லட்சம், பத்தாயிரம், ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என்று எழுதிவிட்டு, இரண்டு எண்ணையும் ஒன்றின் இடத்திலிருந்து தொடங்கி ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். கோடு போட்ட நோட்டில் பிள்ளைகள் இடது ஓரத்திலிருந்து எழுதுவார்கள். அப்போது 9-க்கு நேர் கீழே 1 வந்து உட்காரும், அவள் சொன்ன காரணம் சரி போலவே தெரியும். கட்டத்தில் எழுதினால் 98,765-க்கு லட்சத்துக் கட்டம் காலியாக இருப்பதை அவளே பார்ப்பாள். "அங்கே எத்தனை லட்சம் இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: என் பையன் எண்ணை எழுதுவதிலேயே தவறு செய்கிறான். "ஆயிரத்து ஐந்து" என்றால் 10005 என்று எழுதுகிறான். ஒப்பிடுவதற்கு எப்படிப் போவது? (ஒரு தந்தை, விருதுநகர்)

போகக் கூடாது. முதலில் இதைச் சரிசெய்யுங்கள். காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறான்: ஆயிரம் கேட்டது, 1000, ஐந்து கேட்டது, 5. பல வகுப்புகளில் பார்க்கிற பிழைதான், பயப்பட வேண்டாம்.

இதற்கு இடமதிப்பு அட்டைகள் போல உதவுவது வேறு எதுவும் இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையிலேயே வெட்டிக்கொள்ளலாம். 1000 முதல் 9000 வரை நான்கு கட்ட நீளம், 100 முதல் 900 வரை மூன்று கட்டம், 10 முதல் 90 வரை இரண்டு, 1 முதல் 9 வரை ஒன்று. "ஆயிரத்து ஐந்து" என்றால் 1000 அட்டையை எடுத்து, அதன் கடைசிப் பூச்சியத்தின் மேல் 5 அட்டையை வைக்க வேண்டும், வலது ஓரம் சேர்ந்திருக்கும்படி. 1005 தெரியும். அட்டையைத் தூக்கினால் அடியில் பூச்சியம் இருக்கும். அவனே நாலைந்து முறை வைத்து எடுக்கட்டும். 3000-த்தின் மேல் 400, அதன் மேல் 20, அதன் மேல் 7 என்று அடுக்கிப் பழகிவிட்டால், 3427-இல் இருக்கிற 4 நானூறு என்பதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்காது.

தமிழில் எண்ணுகிற பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தொண்ணூறில் "நூறு" கேட்கிறது, தொள்ளாயிரத்தில் "ஆயிரம்" கேட்கிறது. 90-ஐ 900 என்று எழுதினால் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். 70, 80, 90 அட்டைகளை வரிசையாக வைத்துப் படிக்கவிடுங்கள்.

கேள்வி: பயிற்சித்தாள் பிடிஎஃப் கிடைக்குமா?

என்னிடம் இல்லை. கீழே சொல்கிற விளையாட்டுக்குத் தாளே வேண்டாம்.

கேள்வி: புத்தகத்தில் இருக்கும் எண்கள் பிள்ளைகளுக்கு ஒட்டவே இல்லை. உண்மையான எண்கள் ஏதாவது தர முடியுமா? (ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்)

உங்கள் மாவட்டமே நல்ல எண் வைத்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விழுப்புரம் மாவட்டம் 34,58,873. கோயம்புத்தூர் மாவட்டம் 34,58,045. (கள்ளக்குறிச்சி பிரிந்தது 2019-இல்தான், ஆகவே இது பழைய விழுப்புரம்.) எழுதிப் போட்டுவிட்டு, "எந்த மாவட்டத்தில் ஆட்கள் அதிகம்?" என்று கேளுங்கள். பெயரை வைத்துக் கோவை என்று நிறைய கை தூக்குவார்கள். அப்புறம் இடமிருந்து வரவேண்டும். பத்து லட்சம் சமம், லட்சம் சமம், பத்தாயிரம் சமம், ஆயிரம் சமம். நூறாம் இடத்தில் ஒன்றில் 8, இன்னொன்றில் 0. அங்கே முடிந்துவிட்டது. அதற்கு வலப்பக்கம் என்ன இருந்தாலும் கவலையில்லை.

அந்த 0-வைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டு 34,58,45 என்று எழுதுகிற பிள்ளை நிச்சயம் ஒருவர் இருப்பார். அப்படி எழுதினால் கோவையின் மக்கள்தொகை மூன்றரை லட்சத்துக்குக் கீழே போய்விடும். அதைக் கரும்பலகையில் எழுதி, படிக்கச் சொல்லி, "இப்படி இருக்குமா?" என்று கேளுங்கள். பூச்சியம் இடத்தைப் பிடித்துவைக்கிறது என்று வாயால் சொல்வதைவிட இது நன்றாகப் பதியும்.

கேள்வி: இவ்வளவு சுற்ற வேண்டுமா டீச்சர்? நான் இரண்டே வரி சொன்னேன். இலக்கத்தை எண்ணு, அதிகம் இருப்பது பெரிய எண். எண்ணிக்கை சமமானால் இடமிருந்து ஒப்பிடு. பையன் பத்துக்குப் பத்து வாங்குகிறான். (ஒரு தந்தை, சேலம்)

உங்கள் இரண்டு வரியும் சரி. நானும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்வேன். ஆனால் இன்று ராத்திரி அவனிடம் மூன்று கேளுங்கள்.

ஒன்று: டோக்கனில் 0457 என்று இருக்கிறது, இன்னொன்றில் 512. எது பெரிய எண்? இரண்டு: 6■42, 6■17. இரண்டிலும் நூறாம் இடத்தில் மை கொட்டிவிட்டது. எது பெரியது? மூன்று: இலக்கம் அதிகம் இருந்தால் ஏன் பெரிய எண்?

முதலாவதில் இலக்கத்தை மட்டும் எண்ணுகிற பிள்ளை 0457 என்பான். இரண்டாவதில் மறைந்ததைத் தாண்டிப் போய் 42 பெரியது என்பான். "சொல்ல முடியாது" என்பதுதான் சரியான பதில். மூன்றாவதற்கு "அப்பா சொன்னார்" என்பான். அவனுக்குத் தெரிய வேண்டியது இதுதான்: நூறில் 9, பத்தில் 9, ஒன்றில் 9 என்று எல்லா இடத்தையும் நிரப்பினாலும் 999 தான், ஆயிரத்துக்கு ஒன்று குறைவு. வலப்பக்கம் எல்லாம் சேர்ந்தாலும் இடப்பக்கத்து ஒன்றை எட்டாது. உங்கள் இரண்டு வரிக்கும் காரணம் இந்த ஒன்றே.

சேலம் தந்தையின் மறுமொழி: பரீட்சையில் மை கொட்டியெல்லாம் கேட்க மாட்டார்கள். முதல் இரண்டுக்கும் நீங்கள் சொன்ன மாதிரியேதான் சொன்னான், அது வேறு விஷயம்.

உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியர், மதுரை: சார், உங்கள் பையன் தசம எண்ணுக்கு வரும்போது பார்ப்பீர்கள். 0.125, 0.5 இரண்டில் எது பெரியது என்றால் 0.125 என்று எழுதுகிறார்கள். கேட்டால், "மூன்று இலக்கம் இருக்கு சார்."

சேலம் தந்தை: அப்போது வேறு விதி சொல்லிக்கொள்ளலாமே? புள்ளி வந்தால் எண்ணாதே என்று?

மதுரை ஆசிரியர் சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். சேலம் ஐயா, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விதியை மாற்றிக்கொண்டே போகலாம். முழு எண்ணுக்கு ஒன்று, தசமத்துக்கு ஒன்று, குறை எண்ணுக்கு ஒன்று. பிள்ளைக்கு எது எங்கே என்று குழம்பும்போது, முதலில் படித்த விதிதான் கைக்கு வரும். "உயர்ந்த இடத்திலிருந்து பார், முதலில் எங்கே வேறுபடுகிறதோ அங்கே முடிவு" என்று பழகிய பிள்ளை 0.125-க்கும் 0.5-க்கும் அதையே செய்வாள். ஒன்றின் இடம் சமம், பத்தில் ஒன்றின் இடத்தில் 1-க்கு எதிரே 5. முடிந்தது. புது விதி எதுவும் வேண்டாம்.

நீளத்தைப் பார்த்து முடிவு செய்வது இயற்கையான விஷயமும் இல்லை. பழைய தமிழ் எண் முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகள் இருந்தன. அதில் 345 என்பது ௩௱௪௰௫, ஐந்து குறிகள். ஆயிரமோ ௲, ஒரே குறி. ஐந்தைவிட ஒன்று பெரியது! இடத்துக்கு மதிப்பு கொடுத்து, காலியான இடத்துக்குப் பூச்சியம் போட்ட பிறகுதான் நீளம் பேசுகிறது. வகுப்பில் இதை எழுதிக் காட்டுங்கள். ஏன் நமக்கு மட்டும் நீளத்தைப் பார்த்தால் போதும் என்று பிள்ளைகளே கேட்பார்கள், அந்தக் கேள்விக்காகத்தான் காட்டச் சொல்கிறேன்.

சேலம் தந்தை: மூன்றாவது கேள்விக்கு "தெரியலப்பா" என்றான். 999 விஷயத்தைச் சொன்னேன். 9,999-க்கும் அதேதானா என்று அவனே கேட்டான்.

அப்படியென்றால் அவன் தயார். இந்த விவாதத்தை இத்துடன் விட்டு மற்றவர்களிடம் போகிறேன், நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் பாடத்தில் இடமதிப்பை இடப்பெறுமானம் என்று படிக்கிறோம், மில்லியன் கணக்கில். தமிழ்நாட்டு வீடியோக்களில் லட்சம், கோடி. பிள்ளை குழம்புகிறாள். (யாழ்ப்பாணம்)

இலங்கையின் 2012 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 20,359,439. இந்திய முறையில் அதே எண் 2,03,59,439. இரண்டையும் எழுதி எது பெரியது என்று கேளுங்கள். காற்புள்ளியைப் பார்த்து 20-ஐயும் 2-ஐயும் ஒப்பிடுகிற பிள்ளை மாட்டிக்கொள்வாள். காற்புள்ளி படிப்பதற்கான உதவி, மதிப்பு இலக்கத்தின் இடத்தில்தான் இருக்கிறது. காற்புள்ளியை எடுத்துவிட்டுக் கட்டத்தில் எழுதவிடுங்கள். பத்து லட்சம் ஒரு மில்லியன், பத்து மில்லியன் ஒரு கோடி, இது போதும். பள்ளியில் எது நடக்கிறதோ அதிலேயே முதலில் ஊன்றட்டும்.

கேள்வி: > < குறிக்கு முதலை வாய் சொல்லித்தரலாமா?

சொல்லலாம், ஆனால் கடைசியில். எது பெரியது என்று சரியாகத் தெரிந்த பிள்ளை குறியை மாற்றிப் போட்டுவிட்டு மார்க் இழக்கிறது, நாமும் கணக்கே தெரியவில்லை என்று நினைத்துவிடுகிறோம். முதலில் வாய்விட்டுப் படிக்கட்டும், "இது பெரியது" என்று சொல்லட்டும், குறி அதற்குப் பிறகு. இந்தக் குறிகளே 1631-இல் வெளியான தாமஸ் ஹாரியட்டின் நூலில்தான் அச்சில் வந்தன. அதற்கு முன்பும் ஆட்கள் ஒப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

கேள்வி: ரூபாய் நோட்டை வைத்துச் சொல்லித்தரலாமா?

1, 10, 100 மட்டும். 50, 200, 500 கலந்தால் பத்துப் பத்தாக மாறுகிற ஒழுங்கு கெட்டுவிடும். ஆயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் நீங்களே சீட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகனுக்கு 10 வயது. 34, 43 எது பெரியது என்பதே இன்னும் நிற்கவில்லை. எண்களைப் பார்த்தாலே அழுகிறான்.

இதற்கு எழுத்தில் பதில் சொல்வது சரியாக இருக்காது. வகுப்பாசிரியரிடம் பேசி, வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரைப் பாருங்கள். அதுவரை பயிற்சியைக் கூட்டாதீர்கள், தயவுசெய்து.

கேள்வி: அபாகஸ் வகுப்பில் சேர்த்தால் இது வந்துவிடுமா?

வேகம் வரலாம். இதற்காகச் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: பிடிஎஃப்?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: விளையாட்டு என்றீர்களே?

0 முதல் 9 வரை சீட்டு எழுதிக் குலுக்குங்கள். ஒவ்வொருவரும் ஐந்து கட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு சீட்டை எடுத்துப் படித்ததும், அந்த இலக்கத்தை ஏதாவது ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். எழுதியதை மாற்றக் கூடாது, எடுத்த சீட்டைத் திரும்பப் போடவும் கூடாது. கடைசியில் பெரிய எண் வைத்திருப்பவர் ஜெயித்தார்.

முதல் சீட்டு 6 என்று வையுங்கள். ஒருத்தி அவசரப்பட்டுப் பத்தாயிரத்தில் போடுவாள், இன்னொருத்தி ஆயிரத்தில் போட்டுக் காத்திருப்பாள். அடுத்து 9 வந்தால் முதல் பெண் அதை ஆயிரத்தில் போடுவாள், முகம் மாறிவிடும். கடைசியில் 69,… , 96,… என்று நிற்கும்போது யாரும் விளக்கவே வேண்டாம். 0 வந்தால் எல்லாரும் ஒன்றின் இடத்துக்கு ஓடுவார்கள். ஜெயித்த எண்ணை வாய்விட்டுப் படித்தால்தான் புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆட்டத்தில் சிறிய எண்ணுக்குப் போட்டி வையுங்கள், யோசனை எல்லாம் தலைகீழாகும்.

கேள்வி: ஐந்தாறு எண்களை ஏறு வரிசையில் எழுதச் சொன்னால் ஒன்றிரண்டை விட்டுவிடுகிறாள்.

முதலில் இலக்க எண்ணிக்கைப்படி பிரிக்கட்டும். பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் சிறியதை எடுத்து எழுதியதும், மேலே அந்த எண்ணை அடித்துவிட வேண்டும். முடித்ததும் எழுதியவற்றை எண்ணி, கொடுத்த எண்ணிக்கையோடு சரிபார்க்கச் சொல்லுங்கள்.