1867-இன் தட்டில் ‘இங்கிலாந்து’ முத்திரை

கேள்வி: லண்டனில் ஒரு பழம்பொருள் கடையில் சிப்பி உணவு பரிமாறும் நீலப்பச்சை நிறத் தட்டு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். சுற்றிலும் சிப்பி வடிவக் குழிகள், இடையிடையே கடற்பாசி. 1867-இல் மின்டன் நிறுவனம் செய்த மஜோலிகா, அதாவது பளபளக்கும் வண்ண மெருகிட்ட மட்பாண்டம், என்கிறார் கடைக்காரர். அடியில் ‘மின்டன்ஸ் இங்கிலாந்து’ என்று பதிந்திருக்கிறது. வாங்கலாமா? அதில் விருந்தினருக்குப் பரிமாறலாமா?

பதில்: தட்டு உண்மையான மின்டனாகவே இருக்கலாம். ஆனால் முத்திரை நீங்கள் சொல்வதுபோல் இருந்தால் அது 1867-இல் செய்ததல்ல. இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில் இருந்த அந்த நிறுவனம், ‘மின்டன்’ என்பதை ‘மின்டன்ஸ்’ என்று பதிக்கத் தொடங்கியதே 1873 வாக்கில்தான். ‘இங்கிலாந்து’ இன்னும் பிந்தியது. இறக்குமதியாகும் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று குறித்திருக்க வேண்டும் என அமெரிக்கா சட்டம் போட்டதால், 1891 முதல் வந்த வழக்கம் அது. கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒரு வடிவம் முதலில் வெளிவந்த ஆண்டையே, கையில் இருக்கும் தட்டின் ஆண்டாகச் சொல்பவர்கள் உண்டு. 1867-இல் செய்த தட்டுக்கான விலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அடியில் இன்னொரு சிறு குறியும் இருக்கும், தேடுங்கள். 1842 முதல் மின்டன் ஆண்டுக்கொரு குறி பதித்து வந்தது. மேலே பூசிய கண்ணாடி போன்ற மெருகு நிரம்பி அது மங்கியிருந்தால், மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். மின்டன் ஆண்டுக் குறிகளின் பட்டியலோடு ஒப்பிட்டால் ஆண்டே தெரிந்துவிடும். எனக்கு இந்தத் தட்டுகளில் மிகவும் பிடித்த இடமே அந்த அடிப்பக்கம்தான்.

சிப்பி விளிம்புகளை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். முதலில் உடைவது அவைதான். ஒட்டி வண்ணம் பூசிய இடம் புற ஊதா விளக்கில் வேறு நிறமாகத் தெரியும். மண்சட்டி வாங்கும்போது செய்வதுபோல் மெல்லத் தட்டுங்கள்; விரிசல் இருந்தால் ஒலி பிசிறடிக்கும். மெருகில் வலைபோல ஓடும் மெல்லிய கீறல்கள் பழமையோடு வருபவை, அவற்றுக்காக ஒதுக்க வேண்டாம்.

ரசீதில் நிறுவனம், ஆண்டு, பழுதுபார்த்த விவரம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். வணிகரிடம் வாங்கிய பொருள் சொன்னபடி இல்லையென்றால், பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம்.

பரிமாறுவது மட்டும் கூடவே கூடாது. மஜோலிகாவின் பளபளப்பு ஈயம் கலந்த மெருகால் வருவது. எலுமிச்சைச் சாறோ புளியோ பட்டால் ஈயம் உணவில் இறங்கும். சுவரில் மாட்டுங்கள், நிலைப்பேழையில் வையுங்கள். சாப்பாட்டு மேசைக்கு மட்டும் கொண்டு வராதீர்கள்.