கைத்துப்பாக்கி லைசன்ஸுக்குக் கைரேகை: ஸ்கேனரா, மையா?

டெக்சஸில் விண்ணப்பதாரர்களுக்குக் கைரேகை எடுப்பதுதான் என் வேலை. கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்வதற்கான லைசன்ஸ் எடுக்க நினைக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

அண்ணா, மையில் எடுத்தால் ரேகை காகிதத்தோடு நின்றுவிடும், ஸ்கேனரில் எடுத்தால்தான் எஃப்பிஐ கம்ப்யூட்டரில் ஏறும் என்கிறார்களே?

இல்லை தம்பி. மை வைத்த கார்டையும் பிறகு ஸ்கேன் செய்து அதே கம்ப்யூட்டருக்குத்தான் அனுப்புவார்கள். மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்கில் இருக்கும் எஃப்பிஐ மையத்தில் 1999-லிருந்து கம்ப்யூட்டர்தான் ரேகைகளை ஒப்பிடுகிறது. ரேகையை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பதும் மாநிலத்தையும் விண்ணப்பத்தின் வகையையும் பொறுத்தது, எடுத்த விதத்தை அல்ல. அதனால் அந்தரங்கத்தை நினைத்து மையைத் தேடிப் போக வேண்டாம்.

அப்படியானால் எது நல்லது சார்?

ஸ்கேனர்தான், சந்தேகமே வேண்டாம். தப்பு அங்கேயே தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். கண்ணாடியில் விரலை உருட்டும்போதே திரையில் ரேகை வருகிறது, கோடுகள் நசுங்கியிருந்தாலோ வலது கை மோதிர விரலுக்குப் பதில் நடுவிரலை வைத்துவிட்டாலோ மெஷினே சொல்லிவிடும், அழித்துவிட்டு மறுபடி எடுப்போம். மை கார்டில் அதே தப்பு நடந்தால், கார்டு தபாலில் போய், யாரோ பார்த்து, நிராகரித்து, உங்களுக்குக் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். டெக்சஸில் வசிப்பவர்களுக்கு எலக்ட்ரானிக் முறைதான் வழக்கம். 25 மைல் சுற்றளவில் கைரேகை எடுக்கும் மையமே இல்லாத சிறிய கவுன்டி (மாவட்டம்) காரர்களுக்கு மட்டும் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது.

என் மாமனாருக்கு 68 வயது, கிரீன் கார்டு இருக்கிறது. ஊரில் கொத்தனார் வேலை பார்த்தவர், ரேகை தேய்ந்து போயிருக்கிறது. ஸ்கேனர் எடுக்குமா?

எடுக்கும், பொறுமை வேண்டும். சிமென்ட் பட்டுத் தேய்ந்த கைகளும் வயதானவர் கைகளும் பெரும்பாலும் காய்ந்திருக்கும். ரேகையின் மேடு கண்ணாடியில் ஒட்டும் இடத்தில்தான் மெஷினுக்குக் கருப்புக் கோடு கிடைக்கும், காய்ந்த தோல் சரியாக ஒட்டாததால் கோடு புள்ளிபுள்ளியாக உடைந்து வரும். சில நாள் முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெயோ லோஷனோ தடவச் சொல்லுங்கள். எடுக்கும் நேரத்தில் நாங்களும் ஒரு துளி தடவித் துடைத்துவிட்டுத்தான் விரலை வைப்போம். விறைப்பாக வைக்காமல் கையை எங்களிடம் தளர்வாக விட்டுவிடச் சொல்லுங்கள், அழுத்த அழுத்த ரேகை கெடும். அப்படியும் தரம் போதவில்லை என்று எஃப்பிஐ இரண்டு முறை திருப்பி அனுப்பினால், பெயரை வைத்துச் சரிபார்க்கும்படி விண்ணப்பத்தைப் பார்க்கும் அலுவலகம் கேட்கலாம். ரேகை தேய்ந்ததற்காக ஒரு மனிதரை ஒதுக்கிவிடக் கூடாது என்று அந்த வழியை வைத்திருக்கிறார்கள், அது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

யூட்டா மாநிலத்தின் துப்பாக்கி பர்மிட்டும் வேண்டும் என்றால் மை கார்டுதானா?

தபாலில் விண்ணப்பித்தால் எஃப்டி-258 என்ற எஃப்பிஐ கைரேகை கார்டு வேண்டும். அப்புறம், டெக்சஸ்காரர்கள் முதலில் டெக்சஸ் லைசன்ஸ் எடுத்திருக்க வேண்டும், 2011-லிருந்து யூட்டாவின் விதி அப்படி. மை வைக்கப் பழகியவரிடமே போங்கள். கையைக் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மெல்லிய மை தடவி, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே ஓட்டமாக உருட்ட வேண்டும், கட்டைவிரலை உடம்பை நோக்கியும் மற்ற விரல்களை வெளிப்பக்கமாகவும். திரும்பப் பின்னால் உருட்டினால் கோடு இரட்டையாகிவிடும். ஒரு கட்டம் கெட்டால் மேலே ஒட்டுத்தாள் ஒட்டி மறுபடி எடுக்கலாம், ஒரு கட்டத்துக்கு இரண்டு ஒட்டுத்தாள் வரைதான். கார்டை மட்டும் மடிக்கவே மடிக்காதீர்கள்.

விரலில் வெட்டுக்காயம், பிளாஸ்திரி போட்டிருக்கிறேன். வரலாமா?

ஆறிய பிறகு வாருங்கள். விரலே இல்லாதவர்களுக்குப் பிரச்சினை இல்லை, அந்தக் கட்டத்தில் அதைக் குறித்துவிடுவோம்.

மருதாணி வைத்திருக்கிறேன் அண்ணா, பரவாயில்லையா?

நிறம் ரேகையை மாற்றாது, தாராளமாக வாம்மா.

2021 செப்டம்பரிலிருந்துதான் டெக்சஸில் லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாமே, எதற்கு இந்த அலைச்சல்?

பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது, அந்த மாநிலத்தின் லைசன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. ஊருக்குள் கார் ஓட்டிப் பாருங்கள், எத்தனை பள்ளிக்கூடத்தைத் தாண்டுகிறோம்! இது ஒன்றுக்காகவே எடுக்கலாம் என்பேன். வேறு பல மாநிலங்களும் இந்த லைசன்ஸை ஏற்கின்றன.

ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன், ரேகை கொடுக்க அப்பாயின்ட்மென்ட் போடலாமா?

போடாதீர்கள். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை லைசன்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் ஒரு வக்கீலிடம் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள், விசாவே சிக்கலாகிவிடும்.

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கிறது, டிரைவிங் லைசன்ஸில் இரண்டும் ஒட்டி வந்திருக்கிறது. எதைப் போடுவது?

நம்மவர்கள் திரும்பிப் போக நேர்வது பெரும்பாலும் இதனால்தான். அப்பாயின்ட்மென்ட்டில் போட்ட பெயரும், விண்ணப்பத்தில் இருக்கும் பெயரும், கையில் கொண்டுவரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் டிரைவிங் லைசன்ஸைத் திருத்திக்கொள்ளுங்கள், அப்புறம் அப்பாயின்ட்மென்ட் போடுங்கள்.