12 பேரும் ஒரு பணிப்பெண்ணும்

அன்புள்ள சார்,

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அகதா கிறிஸ்டியின் 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' வாசித்தேன். கொலையாளி யார் என்பதை நண்பன் முன்பே போட்டு உடைத்துவிட்டான், ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. ரயிலில் இருந்த 12 பேரும் சேர்ந்து ஒருவனைக் குத்தினார்கள், துப்பறிவாளர் புவாரோ அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்ற இடத்தில் கைதட்டத் தோன்றியது. துப்பறியும் கதை இலக்கியம் ஆகுமா? இதைப் படமாகப் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்? கிறிஸ்டியில் அடுத்து எதை வாசிக்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். ஊசி குத்திய கையை அசைக்காமல் நான்கு மணி நேரம் கிடப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் மட்டும் கதை படித்தால் எப்படி? அவருக்கும் சொல்லுங்கள். இந்தக் கதை வாயால் சொல்லக் கேட்க இன்னும் நன்றாக இருக்கும்.

இலக்கியம் ஆகுமா என்ற கேள்விக்கு எனக்குப் பொறுமை இல்லை. படங்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. அடுத்து எதை என்பதை அப்புறம் பார்க்கலாம். எனக்கு உறுத்துவது அந்தக் கைதட்டல். சில நாட்களாக நானே இந்த நாவலைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து மாட்டிக்கொண்டது. (இன்னும் வாசிக்காதவர்கள் இந்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிடுங்கள்.)

1932 மார்ச் 1 அன்று விமானி சார்லஸ் லிண்ட்பர்க்கின் 20 மாதக் குழந்தை நியூஜெர்சியில் வீட்டு மாடியிலிருந்து கடத்தப்பட்டது. 50,000 டாலர் கொடுத்தும் குழந்தை வரவில்லை. மே மாதம் பிணம் கிடைத்தது. கிறிஸ்டி அந்தச் செய்தியைத்தான் எடுத்து நாவலில் டெய்சி ஆம்ஸ்ட்ராங் என்ற குழந்தையின் கதை ஆக்கினார், பணத்தை 2 லட்சம் டாலராக உயர்த்தினார். நாவல் வெளிவந்தது 1934 தொடக்கத்தில். ஹாப்ட்மன் என்ற தச்சர் கைதானது அந்த வருடம் செப்டம்பரில். அதாவது கிறிஸ்டி எழுதும்போது குற்றவாளி யாரென்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. காலியாக இருந்த அந்த நாற்காலியில் ஒரு கஸெட்டியை, ரயிலில் குத்துப்பட்டுச் சாகிறவனை, கொண்டுவந்து உட்காரவைத்தார். பணத்தால் விடுதலை வாங்கியவன், பார்த்தாலே விலங்கு மாதிரி இருக்கிறவன். சந்தேகத்துக்கு ஒரு நூலிழை இடமில்லை.

இங்கேதான் எனக்குச் சண்டை. யோசித்துப் பாருங்கள், யூகோஸ்லாவியாவில் வின்கோவ்ட்ஸி தாண்டிப் பனியில் நின்றுபோன அந்தப் பெட்டியில் எல்லோரையும் ஒவ்வொருவராக உட்காரவைத்து விசாரிக்கிறார் புவாரோ. ஆளுக்கு ஒரு அத்தியாயம். கைக்குட்டையில் இருக்கும் ஒரு எழுத்து யாருடையது என்று அவ்வளவு மல்லுக்கட்டல். பைப் துடைக்கும் குச்சிக்கு விசாரணை உண்டு, சிவப்புக் கிமோனோவுக்கு உண்டு. கஸெட்டிதான் செய்தானா என்பதற்கு மட்டும் விசாரணையே கிடையாது. புவாரோ ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார், கேட்டவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள், நாமும் ஆட்டிவிடுகிறோம். இந்தியாவிலிருந்து திரும்பும் கர்னல் ஆர்பத்நாட், 12 சாதாரண ஆட்கள் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறை நல்ல முறை என்கிறாரே, அவரே 12 பேரில் ஒருவர்! எதிர்த்தரப்புக்கு வாய் இல்லாத ஜூரி.

அதே பக்கத்தில் கிறிஸ்டி இன்னொன்றையும் வைத்திருக்கிறார், நீங்கள் தாண்டிப் போயிருப்பீர்கள். ஆம்ஸ்ட்ராங் வீட்டுப் பணிப்பெண். அவளுக்கு ஏதோ தெரியும் என்று போலீஸ் உறுதியாக நம்புகிறது. இல்லை இல்லை என்று கதறியதை ஒருவரும் கேட்கவில்லை. ஜன்னலிலிருந்து குதித்துச் செத்தாள். பிறகுதான் அவளுக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று தெரிந்தது. நான்கைந்து வரி, அவ்வளவுதான். இதுவும் கற்பனை இல்லை. லிண்ட்பர்க்கின் மாமனார் வீட்டில் வேலை பார்த்த வயலட் ஷார்ப் அடுத்தடுத்த விசாரணைகளுக்குப் பிறகு, மறுபடி கூப்பிட்டபோது, 1932 ஜூனில் விஷம் குடித்தார். அவருக்கும் கடத்தலில் சம்பந்தம் இருந்ததாகத் தெரியவரவில்லை.

என் பெரியம்மாவிடம் இந்தக் கதையை ஒருமுறை சொன்னேன். ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டே கேட்டாள். கொலை, கத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்ட கூபே, எதற்கும் மெஷின் நிற்கவில்லை. பணிப்பெண் குதித்த இடத்தில் மிதியிலிருந்து காலை எடுத்தாள். "அவளைப் பெத்தவன் எங்கடா போனான்?" என்றாள். புவாரோ கடைசி அத்தியாயத்தில் வந்து சேருகிற இடம் அது. பெற்றவன் அதே ரயிலில்தான் இருக்கிறான். 15 வருடத்துக்கு மேல் நேர்மையாக வேலை பார்த்த கண்டக்டர் பியர் மிஷேல்.

மகளைக் கொன்றது எது? 'எங்களுக்குத் தெரியும், இவள்தான்' என்ற நிச்சயம். அப்பன் கையில் கத்தியைக் கொடுத்ததும் அதே மாதிரி ஒரு நிச்சயம்தானே? இந்த முறை அது சரியாகப் போயிற்று. ஏனென்றால் எழுதுகிறவர் கிறிஸ்டி.

வெளியே அப்படி நடக்கவில்லை. 1935 ஜனவரியில் ஃப்ளெமிங்டனில் ஹாப்ட்மன் வழக்கு தொடங்கியபோது கோர்ட்டைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். கடத்தலுக்கு வைத்த ஏணியைப் போலக் குட்டி ஏணிகள் செய்து விற்றார்கள், ஜனங்கள் நினைவுப் பொருளாக வாங்கிப்போனார்கள். அங்கேயும் ஜூரியில் 12 பேர். அடுத்த வருடம் ஏப்ரலில் மின்சார நாற்காலி. மீட்புப் பணத்தில் ஒரு பகுதி அவர் காரேஜில் கிடைத்தது உண்மை. அவர் தனியாகத்தான் செய்தாரா, அவர்தானா என்ற சர்ச்சை இன்னும் ஓயாததும் உண்மை.

அதனால் கொலையைச் செய்தது யார் என்பதை உங்கள் நண்பன் சொல்லிவிட்டது ஒன்றும் நஷ்டமில்லை. கடைசிப் பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். புவாரோ இரண்டு தீர்வுகளை முன்னால் வைக்கிறார், யாரோ வெளியாள் ஏறிக் குத்திவிட்டுப் போனான் என்ற பொய்யையும் சேர்த்து. முடிவெடுப்பவர் யார்? ரயில் கம்பெனியின் டைரக்டர் பூக். யூகோஸ்லாவிய போலீஸ் வருவதற்குள் விஷயம் முடிந்தால் போதும் என்று ஆரம்பத்திலிருந்தே தவிக்கிற மனுஷன். பொய்தான் சரி என்கிறார். காயங்களைப் பரிசோதித்த டாக்டர் கான்ஸ்டன்டைன் உடனே, தன் மருத்துவக் கருத்தில் ஒன்றிரண்டு விபரீதமான யோசனைகள் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று இழுக்கிறார். ஒரு டாக்டர், சாட்சியத்தை அங்கேயே மாற்றிக்கொள்கிறார். கைதட்டியபோது அவருக்கும் சேர்த்தா தட்டினீர்கள்?