கோங் மலைத்தொடர் ஏன் இன்றைய மேப்பில் இல்லை?

உங்கள் பழைய வரைபடத்தில் இருக்கும் இந்த மலை எங்கே போனது, அந்த வரைபடம் எந்த வருடத்தது என்று கேட்டிருந்தீர்கள். அந்த மலை எப்போதுமே இருந்ததில்லை. உங்கள் பழைய ஆப்பிரிக்கா வரைபடத்தில் மேற்கே கம்பளிப்பூச்சி மாதிரி நீளும் 'கோங் மலைகள்' வெறும் ஊகம். கூகுள் மேப்பில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பெரும்பாலும் ஜேம்ஸ் ரென்னல்தான் காரணம். வங்காளத்தை அளந்து வரைபடம் போட்ட அதே ஆங்கிலேயர். ஸ்காட்லாந்து பயணி மங்கோ பார்க், மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் ஆறு கிழக்கே ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அது ஏன் தெற்கே கடலுக்குப் போகவில்லை? நடுவே மலை மறிக்கிறது என்று 1798-இல் ரென்னல் வரைந்துவிட்டார். ஆங்கிலப் பயணிகளான லாண்டர் சகோதரர்கள் 1830-இல் அதே ஆற்றில் கடல் வரை போய்ச் சேர்ந்தார்கள். மலை மட்டும் அசையவில்லை! ஒருவர் வரைந்ததை அடுத்தவர் காப்பியடித்தார், அவ்வளவுதான். பிரெஞ்சு அதிகாரி பென்ஷே 1888-இல் நேரில் போனபோது அங்கே கோங் என்ற ஊர் இருந்தது, மலைத்தொடர் இல்லை.

இனி வருடம். வரைபடத்தில் ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கம் பாருங்கள்:

1. அட்டைப்பூச்சி மாதிரி ஒரே ராட்சத ஏரி இருந்தால், 1856-ஐ ஒட்டியது.
2. விக்டோரியா, டாங்கனிகா ஏரிகள் தனித்தனியாக இருந்தால், 1858-க்குப் பிறகு.
3. காங்கோ ஆறு முழு வளைவோடு இருந்தால், பயணி ஸ்டான்லி அந்த ஆற்றின் வழியே கடல் பக்கம் வந்து சேர்ந்த 1877-க்குப் பிறகு.

ஆனால் இது 'இதற்கு முன்னால் இல்லை' என்று மட்டுமே சொல்லும். பழைய அச்சுத் தகட்டையே வருடக்கணக்கில் ஓட்டிய அச்சகங்கள் உண்டு. விற்பவர் சொல்லும் வருடத்தை நம்பிக் காசு கொடுத்துவிடாதீர்கள்.